பக்கத்து இருக்கையின் வரலாறு

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மச்சானின் சிகிச்சைக்காக மும்பாய் சென்றிருந்தேன். தங்கையும் கூட வந்திருந்தாள். வைத்தியசாலையில் நோயாளியோடு ஒருவர் மட்டுமே தங்கலாம் என்பது விதி. தங்கை உள்ளே இருப்பாள். காலைச் சாப்பாட்டைக் கொண்டு கொடுத்துவிட்டால் மாலைவரை எனக்கு வேலையில்லை. வெளியில் ஓயாத மழை. கையில் இருந்த சல்லியோ மருந்துக்கே போதுமோ போதாதோ என்ற நிலை. மும்பாயைச் சுற்றிப் பார்க்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

தாராவியில் ஓர் அறை எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் தமிழ் முஸ்லிம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக அங்கு குடிபெயர்ந்தவர்களின் வழியில் வந்தவர். அவருடைய மகன் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. நான் பகல் முழுவதும் ஜன்னலடியில் குந்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்:

"சார், நீங்க வாத்தியார்தானே. ஆனிக் டெப்போவுல பழைய ட்ராம், பஸ் பத்தி ஒரு மியூசியம் இருக்கு. காசு எல்லாம் கிடையாது. வாங்க, போய்ட்டு வரலாம்."

காசு கிடையாது என்ற சொல்தான் என்னை எழுப்பியது என்பதை மறைப்பதற்கில்லை.

பஸ்ஸுக்குக் குறைந்த கட்டணம் 5 ரூபா. அதற்கு முந்திய மாதம்தான் 8 ரூபாவிலிருந்து குறைத்திருந்தார்களாம். ஆனிக் என்பது பஸ்கள் வந்து தரிக்கும் சாதாரண டிப்போ. எண்ணெய் மணக்கும் முற்றத்தில் சேற்றைத் தாண்டி நடந்தோம். நூதனசாலைக்கென்று தனிக் கட்டடமோ தூண்களோ கிடையாது. சாரதிகளும் கொண்டக்டர்களும் போய்வரும் இடத்தின் ஒரு பகுதியில் அது இருந்தது. 1984இல் குர்லா டிப்போவில் ஆரம்பித்து, 1993இல் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். நகரத்தின் பஸ்களை நடத்தும் 'பெஸ்ட்' நிறுவனமே இதையும் நடத்துகிறது.

வாசலில் ஒரு புத்தகம். பெயரும் ஊரும் எழுதவேண்டும். பேனையைக் கையில் எடுத்தபின் சற்றுத் தயங்கினேன். ஏப்ரல் 21ஆம் திகதி எங்கள் நாட்டுத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. ஒரு முஸ்லிம் பெயரையும் 'ஸ்ரீலங்கா' என்ற சொல்லையும் ஒரே வரியில் எழுதினால் வாசிப்பவர் என்ன நினைப்பார் என்ற கூச்சம் அந்நாட்களில் எங்கும் கூடவே வந்தது. எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்த முதிய ஊழியர் அதை வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்பு ஹிந்தியில் ஏதோ கேட்டார். தம்பி மொழிபெயர்த்தான்.

"அங்க பஸ் யார் ஓட்டுறாங்க, கவர்மெண்டா, ப்ரைவேட்டான்னு கேக்குறாரு சார்."

இரண்டும்தான் என்றேன். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் கம்பனிகளின் பஸ்களையெல்லாம் அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்ததையும், 1979இல் தனியாருக்கு மீண்டும் வழி திறந்ததையும் சொன்னேன். என் வாப்பா இ.போ.ச. கொண்டக்டர் என்பதையும் சொன்னேன். அதன் பிறகு அவர் கதிரையில் இருக்கவில்லை. எழுந்து எங்களுடனேயே வந்தார்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் மாதிரியுருக்கள். குதிரைகள் இழுக்கும் ட்ராம், மின்சார ட்ராம், இரட்டைத் தட்டு ட்ராம், பல காலத்து பஸ்கள். சுவரில் பழைய புகைப்படங்கள். பயணச்சீட்டுகள், சீட்டில் துளையிடும் கருவிகள். மின்மானிகளும் இருந்தன. அவை ஏன் இங்கே என்று கேட்டபோதுதான் 'பெஸ்ட்' என்பதன் முதற்பாதி மின்சாரம் என்பது விளங்கியது. நகரத்துக்கு மின்சாரம் விற்றவர்களும் ட்ராம் ஓட்டியவர்களும் ஒரே கம்பனியார்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1874 மே 9ஆம் திகதி பம்பாயின் முதலாவது குதிரை ட்ராம் ஓடியது. ஒரு பாதை கொலாபாவிலிருந்து கிராஃபோர்ட் சந்தை வழியாகப் பாய்தோனிக்கு. மற்றொன்று போரிபந்தரிலிருந்து அதே பாய்தோனிக்கு. குதிரைகள் மாத்திரம் 900 வரை வைத்திருந்தார்களாம். கொலாபாவிலிருந்து பாய்தோனிக்கு ஆரம்பத்தில் 3 அணா. பயணச்சீட்டு என்ற ஒன்று இருக்கவில்லை. கூட்டம் சேரச் சேரக் கட்டணம் 2 அணாவாகக் குறைந்தது. காசு கொடுக்காமல் பயணிப்போர் பெருகவே அதே ஆண்டில் சீட்டும் வந்தது. எங்கள் முதியவர் இந்த இடத்தில் சிரித்தார். சீட்டில்லாப் பயணி ட்ராமைப் போலவே பழையவன் என்று அவர் சொன்னதாகத் தம்பி சொன்னான்.

1905இல் பம்பாய் மின்விநியோக ட்ராம் கம்பனி உருவாயிற்று. 1907 மே 7ஆம் திகதி மின்சார ட்ராம் ஓடியது. குதிரைகளின் காலம் முடிந்தது. 1920இல் இரட்டைத் தட்டு ட்ராம். 1926 ஜூலை 15ஆம் திகதி ஆப்கான் தேவாலயத்திலிருந்து கிராஃபோர்ட் சந்தை வரை முதலாவது மோட்டார் பஸ். பஸ் வந்தபோது அது வசதியுள்ளவர்களின் வாகனமாகவே கருதப்பட்டது. ஏழைக்கு ட்ராம்தான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் 6 இலட்சம் பேரும், அடுத்த ஆண்டில் 38 இலட்சம் பேரும் பஸ்ஸில் பயணித்தார்கள். 1947 ஆகஸ்ட் 7ஆம் திகதி, இந்தியா சுதந்திரம் பெறுவதற்குச் சரியாக எட்டு நாட்களுக்கு முன்னர், மாநகரசபை இந்தச் சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1964 மார்ச் 31ஆம் திகதி இரவு கடைசி ட்ராம் போரிபந்தரிலிருந்து தாதருக்குப் போனது. வழியனுப்பத் தெருவின் இருபுறமும் சனம் நின்றது.

இவை பாடநூலுக்குரிய தகவல்கள். எழுதிக்கொண்டேன். ஆனால் அன்று என்னை நிறுத்திவைத்தது வேறொன்று.

அந்தப் பாய்தோனி என்ற பெயர் எனக்குப் பழக்கமானது. முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். பாய் என்றால் கால், தோனி என்றால் கழுவுதல். பம்பாய் தீவுகளாக இருந்த காலத்தில் உப்பு நீரைக் கடந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்ட இடமாம். இன்று மினாரா மஸ்ஜிதும் மும்பாதேவி கோயிலும் அதற்கு நடை தூரத்தில் இருக்கின்றன. நகரத்தின் முதலாவது ட்ராம் பாதைகள் இரண்டுமே கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு இப்படியொரு கலவைச் சந்தைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. கம்பனிக்காரர்கள் ஒற்றுமை வளர்க்க ட்ராம் விடவில்லை. அவர்களுக்குத் தேவை சில்லறை. சனம் நெருக்கமாக உள்ள இடத்தில் சில்லறை சேரும். ஆனால் அதன் விளைவாக ஒரு குஜராத்தி வியாபாரியும், ஒரு கொங்கணி முஸ்லிமும், ஒரு பார்சி எழுதுவினைஞரும் ஒரே பலகையில் தோளோடு தோள் இருக்க நேர்ந்தது. யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்று தெரிவுசெய்யும் உரிமை 2 அணாவுக்குள் அடங்கவில்லை. சாதத் ஹஸன் மண்டோ பைகுல்லாப் பகுதியில் வாழ்ந்து எழுதிய பம்பாயும் இந்தப் பம்பாய்தான்.

மாதிரியுருவுக்குள் குனிந்து பார்த்தால் சின்னஞ்சிறிய பலகை இருக்கைகள் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனம் எங்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டது.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வருவதற்காக, கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை, கண்டி வழியாகக் கொழும்பு வரும் பஸ்ஸில் ஏறியிருந்தோம். மச்சானும் தங்கையும் ஓர் இருக்கையில். அவர்களுக்குப் பின்னால் நான். என் பக்கத்து இருக்கை காலி. மஹியங்கனையில் ஒரு முதிய சிங்களப் பெண் ஏறினார். கையில் பன் பை. காலி இடத்தைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். பின்பு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் மலையேறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு அவர் ஆடிக்கொண்டு நின்றார். "இருங்கோ அம்மே" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மருத்துவ அறிக்கைகள் இருந்த என் பையை மடியிலிருந்து எடுத்து அந்த இருக்கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இடம் காலியாக இருந்தும் அவர் இருக்கவில்லை என்பதை விட, பை இருந்ததால் அவர் இருக்கவில்லை என்பது எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

அவருடைய பயத்தை நான் விளங்கிக்கொள்ள முடியும். ஏப்ரலில் இறந்தவர்களில் யாரேனும் அவருக்கு உறவாக இருந்திருக்கலாம். அன்றேல், தொலைக்காட்சி காட்டியதை மட்டும் அவர் கண்டிருக்கலாம். மே மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் எரிந்த எங்கள் கடைகளையும் வீடுகளையும் அவர் அறிந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் செய்தது ஒன்று. நான் செய்தது இன்னொன்று. பையை வைத்தது நான்.

நூதனசாலையில் நின்று இதைத் தம்பியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் வயதுக்கு மீறிய நிதானத்தோடு கேட்டுவிட்டு, "எங்க அத்தாவும் இதே மாதிரி சொல்வாங்க சார். தொண்ணூத்து மூணுல" என்றான்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டார்கள். 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணைக்குழு கணக்கிட்டது. அதே 1993 மார்ச் 12ஆம் திகதி தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் மாண்டார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவனுடைய தந்தை பஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று கூட்டாளிமாரிடம் சொல்லி வைத்திருந்தாராம். அந்த ஆண்டில்தான் இந்த நூதனசாலை குர்லாவிலிருந்து ஆனிக்குக்கு இடம் மாறியது. ஊர் எரிந்து அடங்கிய ஆண்டில், குதிரை ட்ராமின் மாதிரியுருவையும் பழைய சீட்டுகளையும் யாரோ சில ஊழியர்கள் பக்குவமாகச் சுமந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் எதை நினைத்துச் செய்தார்களோ, எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

இங்கே கொழும்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொழும்பிலும் ட்ராம் ஓடியது என்பது எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1899இல் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் மருதானை வழியாகப் பொரளைக்கும் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. அது பம்பாயின் மின்சார ட்ராமுக்கு எட்டு ஆண்டுகள் மூத்தது. புறக்கோட்டையும் மருதானையும் சோனகர் செறிந்து வாழ்ந்த, வியாபாரம் செய்த இடங்கள். எங்கள் பாட்டன்மார் அதில் ஏறியிருப்பார்கள். 1929இல் அந்த ட்ராம் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெப்ரவரியில் மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே மோதல் மூண்டு துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அதே ஆண்டில் முதலாளிமாருக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையில் கூட்டு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய அடி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலை சுருங்கியது. 1930களில் அதே குணசிங்ஹ கொழும்பிலிருந்த மலையாளத் தொழிலாளருக்கெதிரான இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். முதலாளியிடம் சம்பளம் கேட்ட குரல், பக்கத்தில் இருப்பவனை எழும்பிப் போகச் சொல்லும் குரலாக மாற ஒரு பத்தாண்டுகூடத் தேவைப்படவில்லை. 1944இல் கொழும்பு மாநகரசபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1953இல் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராமும் 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றன. நான் இருபது ஆண்டுகளாகப் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். மன்னர்கள் கட்டிய குளங்களின் பெயரும், அவர்கள் வென்ற போர்களும் கற்பித்திருக்கிறேன். இந்த ட்ராமைப் பற்றி ஒரு பாடவேளைகூட எடுத்ததில்லை.

எங்கள் பிரதேசத்துக்கு ட்ராம் வரவில்லை. எங்களுக்கு பஸ்தான். வாப்பா கல்முனை - மட்டக்களப்புப் பாதையில் வேலை செய்தார். கல்லாறு, களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி என்று தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி வரும் பாதை அது. களுவாஞ்சிக்குடியில் ஏறும் தமிழ் ஆசிரியைக்கும் காத்தான்குடியில் இறங்கும் புடவை வியாபாரிக்கும் ஒரே இருக்கை. வாப்பா அடிக்கடி சொல்வார்: "சீட்டுல பேரு இல்ல மகன். ஏறின இடமும் இறங்குற இடமும்தான் இருக்கு." நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

1990இல் நான் ஐந்தாம் ஆண்டு மாணவன். ஜூலை மாதம் அந்தப் பாதையில், குருக்கள்மடத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைப் புலிகள் வாகனங்களிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவலருக்கும் பங்கிருந்ததாகச் சொல்லப்படுவதை நாம் மறைக்கக் கூடாது. அதன் பின்னர் நெடுங்காலம் எங்கள் பஸ்ஸும் அவர்கள் பஸ்ஸும் வேறுவேறாயின. ஒரே பாதை இரண்டாக வெட்டப்பட்டது. வாப்பா வேறு பாதைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டார். பணி ஓய்வு பெற்றபோது தன் டிக்கட் பையைக் கழுவி உம்மா வெற்றிலை வைக்கப் பாவித்தா. அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆனிக் டிப்போவில் அந்த முதியவர் சீட்டில் துளையிடும் கருவியொன்றை என் கையில் தந்தார். அழுத்திப் பார்க்கச் சொன்னார். 'டக்' என்றது. வாப்பாவின் நினைவு வந்தது. அவர் மௌத்தாகி அப்போது மூன்று வருடங்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு முதியவர் அஸருக்கு நேரமாகிறதே, பக்கத்தில் பள்ளி இருக்கிறது என்று தம்பியிடம் வழி சொன்னார். அவர் இந்து. பாங்கு நேரம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எத்தனை வருடம் எத்தனை முஸ்லிம் சாரதிகளோடு வேலை செய்திருப்பாரோ.

மூன்று வாரங்களில் மச்சானின் சிகிச்சையின் முதற்கட்டம் முடிந்து திரும்பினோம். கொழும்பிலிருந்து கல்முனை பஸ். இம்முறை பையை மடியில் வைத்துக்கொண்டேன். கடுகண்ணாவையைக் கடந்தபோது, ரயிலுக்கு 2014இல் திறந்த நூதனசாலை அங்கே இருப்பது நினைவுக்கு வந்தது. எஞ்சின்களைப் பாதுகாக்க எங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கண்டிவரை என் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பை பாரமாக இருந்தது. கண்டியில் ஏறிய நடுவயதுச் சிங்களவர் ஒருவர் வந்து இருந்தார். அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மஹியங்கனையில் இறங்கும்போது 20 ரூபாவுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.

அந்தத் தவணையில் தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் பஸ்ஸில் போன ஒரு பயணத்தை எழுதி வரவேண்டும். எந்த ஆண்டு, எங்கிருந்து எங்கு, கட்டணம் எவ்வளவு, பக்கத்தில் இருந்தவர் யார். முதல் மூன்றுக்கும் விடை வந்தது. நான்காவதைப் பலர் வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தன் மூத்தம்மா சொன்னதாக எழுதியிருந்தாள்: மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாந்தி வந்ததாம், பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் தன் முந்தானையால் முகம் துடைத்துவிட்டாளாம், பெயர் கேட்க மறந்துவிட்டாளாம். 1982 அல்லது 83.

மும்பாயின் பழைய டீசல் இரட்டைத் தட்டு பஸ்கள் 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. 5 ரூபாக் கட்டணமும் 2025இல் 10 ரூபாவாயிற்று. மச்சான், அல்லாஹ்வின் கிருபையால், வயலுக்குப் போய் வருகிறார். பிள்ளைகள் எழுதிய தாள்களை நான் ஒரு கோவையில் போட்டுப் பாடசாலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே வேலையைக் கொடுக்கிறேன். கோவை தடித்துக்கொண்டு வருகிறது. அனுமதி இலவசம். யாரும் வந்து பார்க்கலாம்.